விசில் ஊதுறவரும் கத்துக்கிட்டு தான் இருக்காரு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் ஃபுட்பால் பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க. பசங்க ஆட்டத்த பத்தி பேச நெறைய பேர் இருக்காங்க, கோச் இருக்காரு, பெத்தவங்க இருக்காங்க, அதனால நான் நடுவுல நின்னு விசில் ஊதுற ஆள பத்தி பேசலாம்னு வந்திருக்கேன். நான் ஒரு பி.டி. டீச்சர், வருஷத்துல பாதி நாள் கிரவுண்ட்ல தான், பசங்கள கூட்டிட்டு போறதும் நான் தான், மத்த ஸ்கூல் மேட்ச்சுக்கு ஆள் இல்லனா விசில எடுத்துக்கிட்டு உள்ள எறங்குறதும் நான் தான்.

டிவில ஐ.எஸ்.எல்., அதாவது இந்தியன் சூப்பர் லீக் மேட்ச் பாக்குறவங்களுக்கு ரெஃப்ரீன்னா ஒரு ஆள் நடுவுல, ரெண்டு பேர் கொடியோட லைன்ல, நாலாவதா ஒருத்தர் வெளிய, காதுல மைக், எல்லாம் இருக்கும். நம்ம ஸ்கூல் மேட்ச் அப்படி இல்லங்க. வியாசர்பாடி பக்கமோ பெரம்பூர் பக்கமோ ஒரு கார்ப்பரேஷன் கிரவுண்டுக்கு காலைல போய் பாருங்க. மண் தரை, சுண்ணாம்பு பவுடர்ல போட்ட கோடு ரெண்டாவது மேட்ச்சுக்குள்ள பாதி அழிஞ்சிருக்கும், ரெஃப்ரீ ஒரே ஆள், லைன்ஸ்மேன்னு நிக்கிறது ரெண்டு டீமோட சப்ஸ்டிட்யூட் பசங்க, அந்த பையன் தன்னோட டீமுக்கு எதிரா கொடி தூக்குவானா, தூக்குனா பெஞ்ச்ல அவன் நெலம என்னாகும்னு யோசிங்க. அப்போ ஆஃப்சைடு, கார்னர், த்ரோ, உள்ள நடக்குற தள்ளுமுள்ளு எல்லாம் ஒரே ஜோடி கண்ணு தான்.

ஆஃப்சைடு மட்டும் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா சண்ட முக்காவாசி அங்க தான் ஆரம்பிக்குது. கோல்கீப்பர விட்டா எதிர் டீம்ல கடைசியா நிக்கிற டிஃபெண்டர தாண்டி முன்னாடி நின்னு பந்த வாங்குனா ஆஃப்சைடு. பந்த வாங்குற நேரத்துல அவன் எங்க இருக்கான்னு பாக்கக்கூடாது, கூட ஆடுறவன் பந்த ஒதைக்கிற நேரத்துல எங்க இருந்தான்னு தான் பாக்கணும். ரெஃப்ரீ ஒதைக்கிற காலையும் பாக்கணும், நாப்பது மீட்டர் தள்ளி இருக்குற கடைசி டிஃபெண்டரையும் பாக்கணும், ஒரே நேரத்துல. தலைய திருப்புறதுக்கு அர செகண்ட் ஆச்சுன்னு வைங்க, ஒரு ஃபார்வர்டு செகண்டுக்கு ஏழு மீட்டர் ஓடுவான், டிஃபெண்டர் அந்த நேரம் பாத்து முன்னாடி ஏறுவான், மொத்தம் நாலு அஞ்சு மீட்டர் வித்தியாசம் வந்துரும். கோல் போட்டவன் நெஜமாவே ஆன்சைடுல தான் இருந்திருப்பான், ஆனா ரெஃப்ரீ கண்ணுக்கு அவன் தனியா முன்னாடி நிப்பான். அந்த டிஃபெண்டருக்கு நேரா ஓரமா நிக்கிற ஒரு அப்பாவுக்கு அது பளிச்சுன்னு தெரியும். அவரு கத்துறாரு. அவரு சொல்றது சரியா கூட இருக்கும். ஆனா அவரு நிக்கிற எடத்துல ரெஃப்ரீ இல்ல.

ஹேண்ட்பால் அதுக்கும் மேல. கைல பட்டாலே ஃபவுல்னு நெனச்சுக்கிட்டு மொத்த கூட்டமும் கைய தூக்கும். ரூல் அப்படி சொல்லல. வேணும்னே தொட்டா, இல்ல கைய விரிச்சு ஒடம்ப பெருசாக்கி தடுத்தா தான் ஃபவுல். தெரியாம கைல பட்டு அதே ஆள் ஒடனே கோல் போட்டா செல்லாது, ஆனா தெரியாம கைல பட்டது கூட ஆடுறவனுக்கு போய் அவன் போட்டா கோல் தான், இது 2021ல மாத்துனது. கத்துறவங்க பல பேரு பழைய ரூல வச்சு கத்துறாங்க, அத சொல்லி புரிய வைக்க நடு மேட்ச்ல ரெஃப்ரீக்கு நேரம் கெடையாது.

இவ்ளோ பெரிய உலகக் கோப்பையிலயே 1986ல மரடோனா கையால தட்டுன பந்து கோல்னு போச்சு, 2010ல இங்கிலாந்து லாம்பார்ட் அடிச்சது கோட்ட தாண்டி உள்ள விழுந்தும் கோல் இல்லன்னாங்க, அதுக்கப்புறம் தான் கோல்லைன் டெக்னாலஜி வந்துச்சு, 2018ல வீடியோவ பாத்து முடிவ சரி பாக்குற வி.ஏ.ஆர். வந்துச்சு. நம்ம கிரவுண்டுக்கு அதெல்லாம் வராது. நமக்கு இருக்குறது ஆள் தான், அந்த ஆள காப்பாத்திக்கணும்னு தான் நான் பேச வந்தது.

ஒரு மேட்ச் சொல்றேன். அண்டர் 14, கடைசி நிமிஷம், பெனால்ட்டி குடுத்தது ஒரு காலேஜ் தம்பி, புதுசா ரெஃப்ரீ பரீட்சை பாஸ் பண்ணி வந்தவன். நான் பக்கத்துல தான் இருந்தேன், குடுத்தது சரியான்னு கேட்டா எனக்கே சந்தேகம் தான். ஒரு பையனோட அப்பா நேரா உள்ள வந்துட்டாரு, வந்து சட்டைய பிடிக்கல, அடிக்கல, மூஞ்சிக்கு நேரா "எவ்ளோ வாங்குன?"ன்னு கேட்டாரு. அந்த தம்பிக்கு காது வரைக்கும் செவந்துருச்சு, கைல விசில் நடுங்குது, பதில் சொல்லல, மேட்ச முடிச்சு ரிப்போர்ட் எழுதி குடுத்துட்டு பைக்க எடுத்துட்டு போயிட்டான். அடுத்த வாரம் கூப்பிட்டா எக்ஸாம் இருக்கு மிஸ்ன்னான், அதுக்கடுத்த வாரம் ஃபோனே எடுக்கல. இன்னொன்னு நடந்துச்சு, அது தான் எனக்கு ரொம்ப வலிச்சுது, கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒரு மேட்ச்ல எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் அதே வார்த்தைய, அதே மாதிரி மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டான்.

பசங்க பெனால்ட்டிய வெளிய அடிச்சா தட்டி குடுக்குறோம், பரவால்ல கண்ணு அடுத்த தடவ பாத்துக்கலாம்ன்றோம், கோல்கீப்பர் கைய விட்டு பந்து நழுவுனா கட்டி பிடிச்சு கூட்டிட்டு வர்றோம். அந்த காலேஜ் தம்பியும் அதே கிரவுண்ட்ல தானே கத்துக்க வந்தான்? ரெஃப்ரீ ஸ்கூல் மேட்ச்ல தான் உருவாகணும், வேற எடமே கெடையாது. தமிழ்நாட்டுல இருந்து கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பைக்கு அசிஸ்டன்ட் ரெஃப்ரீயா போனாரு, திண்டுக்கல் ரூபா தேவி இந்தியாவுக்காக ஆடிட்டு அப்புறம் உலக கால்பந்து அமைப்பான ஃபிஃபாவோட ரெஃப்ரீ ஆனாங்க. அந்த ஒசரத்துக்கு யாரும் ஒரே நாள்ல போறதில்ல, படிப்படியா தான் ஏறணும். அந்த மொத படியிலயே நாம ஆள வெரட்டி விட்டுட்டு, அப்புறம் நல்ல ரெஃப்ரீயே இல்லன்னு பேசுறோம்.

இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. அமெரிக்கால ஹைஸ்கூல் ஃபுட்பால்னா கைல பந்த வச்சுக்கிட்டு மோதி ஓடுற ஆட்டம், வெள்ளிக்கெழம ராத்திரி ஊரே திரண்டு வரும். அங்க 2018-19ல இருந்து மூணே வருஷத்துல எல்லா ஸ்கூல் விளையாட்டும் சேத்து கிட்டத்தட்ட 50,000 அம்பயர், ரெஃப்ரீங்க விட்டுட்டு போயிட்டாங்க, கோவிடும் ஒரு காரணம், பெத்தவங்க கோச்சுங்க திட்டுறதும் பெரிய காரணம். பல எடத்துல ஆள் பத்தாம மேட்ச்ச வியாழக்கெழமைக்கு மாத்த வேண்டி வந்துச்சு.

இப்போ சில பேர் கேப்பீங்க, அப்போ தப்பா குடுத்தாலும் வாய மூடிக்கிட்டு இருக்கணுமான்னு. இல்லங்க, வழி இருக்கு, டீம் மேனேஜர் புகார் எழுதி குடுக்கலாம். ஆனா எதுக்கு எழுதலாம்னு தெரிஞ்சுக்கணும். பட்டுச்சா படலயா, கோலா இல்லயா, இதெல்லாம் ரெஃப்ரீ கண்ணால பாத்து சொன்னது, அது முடிவு தான். ஆனா ரூலையே தப்பா போட்டா அது வேற. 2005ல உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் உலகக் கோப்பை தகுதிச் சுத்துல ஆடுனப்போ உஸ்பெகிஸ்தான் பெனால்ட்டிய கோல் அடிச்சது, அவங்க ஆளே ஒருத்தன் முன்கூட்டியே பாக்ஸுக்குள்ள ஓடிட்டான், திரும்ப அடிக்க சொல்லணும், ரெஃப்ரீ அதுக்கு பதிலா பஹ்ரைனுக்கு ஃப்ரீகிக் குடுத்துட்டாரு. உஸ்பெகிஸ்தான் எழுதி குடுத்தாங்க, ஃபிஃபா மொத்த மேட்ச்சையும் ரத்து பண்ணி திரும்ப ஆட சொல்லுச்சு. மொத தடவ ஜெயிச்சிருந்தவங்க திரும்ப ஆடுனதுல 1-1 டிரா, கடைசில வெளிய போனதும் அவங்க தான். ஆனா கேட்ட மொறை சரி.

கிரவுண்ட விட்டு வெளிய போறது மொறையே இல்ல. 2023 மார்ச்ல ஐ.எஸ்.எல். டீம் கேரளா பிளாஸ்டர்ஸ், பெங்களூர்ல சுனில் சேத்ரி அவங்க தயாராகுறதுக்குள்ள சட்டுனு ஃப்ரீகிக்க அடிச்சு கோல் போட்டதுக்காக மேட்ச்ச விட்டு வெளிய போனாங்க, 4 கோடி ஃபைன், கோச்சுக்கு 10 மேட்ச் தடை. அத டிவில பாத்த எங்க பசங்க அடுத்த சண்டைல "மிஸ், நாமளும் போயிடலாமா"ன்னு கேட்டாங்க.

டோர்னமெண்ட் நடத்துறவங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கு. நடத்துற ஸ்கூலோட மாஸ்டரையே அந்த ஸ்கூல் மேட்ச்சுக்கு ரெஃப்ரீயா போடாதீங்க, அவரு எவ்ளோ நேர்மையா ஊதுனாலும் எதிர் டீம் பையன் மனசுல சந்தேகம் வரத்தான் செய்யும், அது அவன் தப்பு இல்ல. கோட்டுல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி ஒரு கயிறு கட்டுங்க, பெரியவங்க எல்லாரும் அதுக்கு அந்த பக்கம். 2024 யூரோ கோப்பைல பண்ணாங்களே, கேப்டன் மட்டும் தான் ரெஃப்ரீகிட்ட வந்து கேக்கலாம்னு, அத நாங்க ஸ்கூல் லெவல்ல பண்ணி பாத்தோம், பசங்க ரெண்டே மேட்ச்ல பழகிட்டாங்க, பழகாதது கயித்துக்கு வெளிய நின்னவங்க தான். இங்கிலாந்துல 2019ல இருந்து உள்ளூர் மேட்ச்ல ரெஃப்ரீகிட்ட வாய் குடுத்தா 10 நிமிஷம் வெளிய உக்கார வைக்கிறாங்க, அதையும் இங்க கொண்டு வரலாம், கார்டுக்கு பயப்படாத பையன் கூட வெளிய உக்காருறதுக்கு பயப்படுவான்.

கேட்டுட்டு இருக்குற பசங்களுக்கு ஒன்னு. பிளஸ் டூ முடிச்சுட்டு டீம்ல எடம் கெடைக்கலன்னு ஷூவ கழட்டி வைக்கிறவங்க, ஆட்டம் புடிச்சிருக்கு ஆனா பெரிய லெவல்ல ஆட முடியாதுன்னு நெனைக்கிற பொண்ணுங்க, உங்க மாவட்ட கால்பந்து சங்கத்துல ரெஃப்ரீ பரீட்சை எப்போன்னு கேளுங்க. எழுத்து இருக்கும், ஓட்டம் இருக்கும். ரூல் மொத்தமே 17 தான், புத்தகம் நெட்ல இலவசமா கெடைக்குது. மொத மேட்ச்சுக்கு பயமா இருந்தா உங்க பி.டி. டீச்சர கூட வந்து கோட்டுகிட்ட நிக்க சொல்லுங்க, நாங்க வந்து நிப்போம்.

வணக்கம்.