பன்னிரண்டு வெள்ளி மிச்சம்

வணக்கம் நேயர்களே. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஈசூனிலிருந்து அக்கா அழைத்தார். "தம்பி, இவன் மடிக்கணினியில என்னவோ ஆயிடுச்சு, கொஞ்சம் வந்து பாரு." கணினிப் பாதுகாப்பு வேலை பார்ப்பவனுக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து இப்படித்தான் அழைப்பு வரும்.

அக்காள் மகன் ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்கப் பார்த்திருக்கிறான். கோப்புகளைச் சேமித்துத் தரும் சில தளங்களில் காசு கட்டாவிட்டால் வேகம் நத்தைதான். மாதச் சந்தா பன்னிரண்டு வெள்ளி. அதைக் கட்டுவானேன் என்று டெலிகிராம் குழு ஒன்றில் 'கிராக்' செய்த, அதாவது பூட்டை உடைத்து எடுத்ததாகச் சொல்லும், பிரீமியம் (காசு கட்டிய) கணக்கு தேடியிருக்கிறான்.

இந்தக் கணக்குகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் யாரும் தளத்தின் பூட்டை உடைப்பதில்லை. வேறெங்கோ கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் பட்டியலை ஒரு நிரலில் போட்டு வரிசையாக முயன்று பார்ப்பார்கள். ஒரே கடவுச்சொல்லை நாலு இடத்தில் வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். ஆக, அந்தக் கணக்குக்குக் காசு கட்டிய சொந்தக்காரர் ஒருவர் எங்கோ இருக்கிறார். அதில் அனுமதியில்லாமல் நுழைந்தால், நம் சிங்கப்பூரின் கணினி முறைகேட்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

நம்ம ஆளுக்குக் கிடைத்த கணக்கு எதுவும் வேலை செய்யவில்லை. அப்புறம் குழுவில் ஒருவர், கணக்கைத் தானே உருவாக்கித் தரும் மென்பொருள் என்று ஒரு சிப் (zip) கோப்பை, அதாவது கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொட்டலத்தை, அனுப்பினார். திறக்கக் கடவுச்சொல் 1234. அது எதற்கென்று பையன் யோசிக்கவில்லை. பூட்டிய பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறதென்று வைரஸ் தடுப்பு மென்பொருளால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். கூடவே ஒரு குறிப்பு: "வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுத் திறக்கவும்." திருடன் நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான், இவனும் கட்டிப்போட்டான்! ஒரு கறுப்புச் சன்னல் தோன்றி மறைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை என்றான்.

நடந்தது அந்தச் சில விநாடிகளில்தான். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் குக்கிகளும் திருடனுக்குப் போய்விட்டன. குக்கி என்பது, நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளம் உலாவியில் வைக்கும் அடையாளம். கேளிக்கைப் பூங்காவில் கையில் கட்டிவிடும் பட்டை மாதிரி. கட்டிய பிறகு யாரும் சீட்டைக் கேட்பதில்லை. அந்தப் பட்டையே திருடன் கையில் இருந்தால், பல தளங்கள் அவனிடம் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபிகூடக் கேட்காது. இந்த வகைத் திருட்டு நிரல்களில் பேர்போன ரெட்லைனின் சர்வர்களை 2024 அக்டோபரில் நெதர்லாந்துக் காவல்துறையும் மற்ற நாட்டினரும் சேர்ந்து முடக்கினார்கள். சரி, ஒன்று போனால் இன்னொன்று வருகிறது.

முதலில் மடிக்கணினியின் இணையத்தைத் துண்டித்தேன். அதிலேயே கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் திருடனுக்குப் போகும். அதனால் அக்காவின் கைப்பேசியில் மின்னஞ்சலில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றினோம். கூடவே எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் செய்தோம். அந்தப் பட்டையை அறுக்க அதுதான் வழி. அக்காவும் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைப் பார்ப்பாராம். வங்கிக்கும் அழைத்துச் சொன்னோம். கடைசியில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன்.

முடிக்கும்போது மணி இரண்டு. காப்பி ஊற்றிக்கொண்டே அக்கா மகனிடம் கேட்டார்: "அந்தப் பன்னிரண்டு வெள்ளியை என்கிட்ட கேட்டிருக்கலாமேடா?"