இரண்டு குழு, ஒரு இசைத்தட்டு
(பெங்களூரு அல்சூரில் நடந்த தமிழர் ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, முன்னாள் மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் உபயம் செய்த வணிகப் பெருமக்களே, காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகராமல் நமக்காகப் பிசிபேளாபாத் கிண்டிய தாய்மார்களே, பின்வரிசையில் கறுப்பு டிஷர்ட்டோடு நிற்கும் என் தம்பிகளே, வணக்கம். அழைப்பை மதித்து வந்திருக்கும் கன்னடப் பேராசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நமஸ்காரா. எனக்குப் போர்த்திய பொன்னாடையை அந்தத் தாய்மார்களில் மூத்தவருக்குப் போர்த்தத் தலைவர் அனுமதிக்க வேண்டும்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று எந்த மேடையிலும் சொல்கிறவன் நான். மெட்டல்கோர் என்னும் அதிரடி ராக் இசைக் குழுக்கள் இரண்டு சேர்ந்து ஒரே இசைத்தட்டு போடுவதைப் பற்றி இன்று மூன்று விஷயம் பேச வந்தேன். இசை, காசு, உரிமை.

முதலில் இசை. ஹார்ட்கோர் பங்க், மெட்டல் இரண்டும் ராக் இசையின் கிளைகள். முன்னதன் கோபமும் பின்னதன் கனமும் கலந்தது மெட்டல்கோர். வேகமாக ஓடும் பாட்டு சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கும். உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி வாசிக்கும் கிட்டாரும், டிரம்ஸில் காலால் மிதிக்கும் இரட்டைப் பெடலும் ஒரே அடியாக விழும். அதுதான் பிரேக்டவுன். கூட்டம் குதிப்பது அங்கேதான்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இந்த இசையை உறுமலாகப் பாடுகிறான். ஒருநாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்தான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அந்த உறுமல் கேட்டிருக்கிறது. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று விபூதித் தட்டோடு ஓடி வந்து கதவைத் தட்டினார். திறந்ததும் நெற்றியில் பூசிவிட்டு, “யாருப்பா உன்னை அடிச்சது?” என்றார். “பாட்டி, பாட்டுதான் பாடறேன்” என்றான். “எங்கே, என் எதிரே பாடு பார்ப்போம்.” விபூதியோடு நின்று முழுப் பாட்டையும் பாடினான். பாட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்டார். “தொண்டையில கத்தாம அடிவயித்துலேர்ந்து எடுக்கறே. தினம் வெந்நீர் குடி” என்றார். அன்றிலிருந்து பாட்டி வீட்டு வெந்நீர்தான் அவனுக்கு. ஆனால் வீட்டுக்காரர் விடவில்லை. டிரம்ஸ் செட்டை அன்றே காலி செய்யச் சொல்லிவிட்டார். இப்போது அது அத்தை வீட்டுக் கட்டிலடியில், பழைய போர்வைக்குள் கிடக்கிறது.

அவன் குழுவும் பசவனகுடியிலிருந்து ஒரு கன்னடக் குழுவும் சேர்ந்து தட்டு போட முடிவு செய்திருக்கிறார்கள். புது யோசனை இல்லை. ஜெர்மனியில் மேற்கே ஹாட்டிங்கன் ஊர்க் குழு கேலிபன். கிழக்கே சால்ஃபெல்டில் ஹெவன் ஷால் பர்ன். இரண்டும் சேர்ந்து 2000இல் ‘தி ஸ்ப்ளிட் புரோகிராம்’ என்று ஒரு தட்டு போட்டன. 2005இல் இரண்டாம் பாகமும் வந்தது. ஒருகாலத்தில் சுவர் வைத்துப் பிரித்த நாடு அது. ஒரே தட்டில் ஆளுக்குக் கொஞ்சம் பாட்டு, அவன் ரசிகன் இவனைக் கேட்பான், இவன் ரசிகன் அவனைக் கேட்பான். ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் இதுதானே ஐயா?

நமக்கு இது தெரியாததா? 18 ஆண்டு மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை இந்த அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தது. நாலு நாள் கழித்து, 13ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. இரண்டு அரசும் சேர்ந்து செய்தபோது இரண்டு ஊரும் மகிழ்ந்தது. பெரியவர்கள் சிலையில் செய்ததை நம் பிள்ளைகள் பாட்டில் செய்யத் துடிக்கிறார்கள். இரண்டு பாட்டு தமிழில், இரண்டு கன்னடத்தில். ஒத்திகைக்குத்தான் இடமில்லை. ஜாம் ரூம் என்கிற வாடகை ஒத்திகை அறைக்கு மணிக்கணக்கில் பணம் கட்ட மாணவர்களிடம் ஏது பணம்?

காசும் உரிமையும் இன்னொரு மேடைக்கு இருக்கட்டும். நேரத்தைக் காட்டித் துண்டுச்சீட்டு வந்துவிட்டது. நான் கேட்க வந்தது ஒன்றுதான். இந்தக் கட்டடத்தின் மாடி அறை கல்யாண நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது. பழைய நாற்காலிகளை ஓரம் கட்டி, சுவருக்குக் கயிற்றுப்பாய் அடித்து, வாரத்தில் இரண்டு சாயங்காலம் இரவு எட்டு மணி வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வேண்டாம், கன்னடப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. பாய்ச் செலவு என்னுடையது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். செயலாளர் ஐயா, வரும் செயற்குழுவில் இதை முதல் பொருளாக வையுங்கள். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.