அழிக்க வேண்டாம், பதில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். இணையத்தில் வரும் தவறான பேச்சை நீக்குவதா, அதற்குப் பதில் சொல்வதா என்பது தலைப்பு. பதில் சொல்வதே என்ற அணியில் பேச வந்திருக்கிறேன்.

2020 பிப்ரவரியில், சிங்கப்பூரில் கொரோனா நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்த அன்று இரவு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா ஒரு செய்தி அனுப்பினார். நாளை முதல் கடைகள் மூடப்படும், அரிசி வாங்கி வையுங்கள் என்று. பொய்ச் செய்தி. "பெரியம்மா, உடனே அழிச்சிடுங்க" என்றேன். அழித்தார். அப்புறம்தான் வினையே. 'நீக்கப்பட்டது' என்ற வரியைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு என்ன, என்ன என்று கேட்டார்கள். சித்தப்பா அதற்குள் இன்னும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார். "அழிக்கச் சொல்றாங்கன்னா உண்மையாத்தான் இருக்கும்" என்று பேச்சு கிளம்பியது. அழிக்கச் சொல்லாமல், அதன் கீழேயே 'கடைகள் மூடாது' என்று நான் எழுதியிருந்தால், பொய்யைப் படித்தவர்கள் உண்மையையும் படித்திருப்பார்கள்.

இணையப் பொய்ச் செய்திகளுக்கு எதிராக இங்கே 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்த பொஃப்மா சட்டத்தின் திருத்த உத்தரவு இப்படித்தான் வேலை செய்கிறது. பதிவு அங்கேயே இருக்கும். அதில் பொய் இருக்கிறது என்ற குறிப்பும், சரியான விவரத்துக்கான இணைப்பும் கூடவே வரும். பதிவை நிறுத்தச் சொல்லும் உத்தரவும் அதே சட்டத்தில் உண்டு. அதை எடுக்கும் கை தயங்க வேண்டும் என்கிறோம். ஏனென்றால் உத்தரவிடுபவர் அமைச்சர். அவர் கணிப்பும் தவறலாம் என்பதால்தானே உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழி வைத்திருக்கிறார்கள்? மூலப் பதிவு கண்முன் இருந்தால் மக்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அழித்துவிட்டால் எதை ஒப்பிடுவது?

கட்டுப்பாடு தேவை என்பதற்கு எதிரணி நண்பர் இங்கே நடந்த 1964 ஜூலை இனக் கலவரத்தைச் சொன்னார். 23 உயிர்கள் போயின. அதை நான் லேசாகச் சொல்லிக் கடக்க மாட்டேன். ஊரடங்கு தேவைப்பட்டது, உண்மை. ஆனால் ஊரடங்கால் தெருவை அடக்கலாம். மனத்தில் புகுந்த அச்சத்தை? அதற்காகத்தான் எல்லா இனத் தலைவர்களும் சேர்ந்த நல்லெண்ணக் குழுக்களை அமைத்தார்கள். அந்தந்த வட்டார மக்களின் கவலையைக் கேட்டு, பேசித்தான் நம்பிக்கையை மீட்டார்கள்.

குழந்தைகளைச் சீரழிக்கும் படம், ஒரு பெண்ணின் சம்மதமில்லாமல் பரப்பும் அந்தரங்கப் படம், வெட்டு குத்து என்று தூண்டும் அழைப்பு, இவற்றை உடனே நீக்குங்கள். அங்கே எங்களுக்கும் மறுப்பில்லை.

ஆனால் நீக்குகிறவருக்கு நம் மொழி தெரியுமா? என் தம்பி, மேடையில் மிருதங்கம் வாசித்த நண்பனின் காணொளிக்குக் கீழே "கொன்னுட்டடா!" என்று எழுதினான். அது கொலை மிரட்டலாம். ஒரு சமூக ஊடகம் அதைத் தூக்கிவிட்டு, அவன் கணக்கையும் ஒரு வாரம் முடக்கியது. பாராட்டுதான் என்று விளக்கி எழுதினான். பதிலே வரவில்லை. அன்றிலிருந்து அவன் அங்கே தமிழில் எழுதுவதில்லை, நடுவர் அவர்களே. நண்பன் வாசித்தால் ஆங்கிலத்தில்தான் பாராட்டுகிறான்.

நன்றி, வணக்கம்.