மனசுக்குள் யார் அரைப் பேர் போடுவது? (7,800 ரூபாய் மெத்தை வேண்டாம்!)

வணக்கம் மக்களே. சத்தம் கேட்கிறதா? தகரத்தில் மழை, அதனால் மைக்கைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். ஹட்டனில் மழை விடட்டும் என்று காத்திருந்தால் வீடியோ வந்த மாதிரிதான். இன்றைக்கு நம்மிடம் நாமே கனிவாக இருப்பது பற்றித்தான் பேசப்போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு கோபம், நேற்றிலிருந்து அடங்கவில்லை.

நேற்று கண்டியில் ஒரு கடை, பெயர் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் வட்டமாக ஒரு மெத்தை, அதன்மேல் ‘தியானத்துக்கு அவசியம்’ என்று அட்டை, விலை 7,800 ரூபாய். ஏழாயிரத்து எண்ணூறு! உள்ளே போய் அமுக்கிப் பார்த்தேன், இலவம் பஞ்சுகூட இல்லை, வெறும் ஸ்பொஞ்ச். உறையைக் கழற்றித் துவைக்கலாமா என்று கேட்டேன், கழற்ற முடியாதாம். தேயிலைத் தோட்டத்தில் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்ததே 2024ல்தான், அதுவும் எவ்வளவு இழுபறிக்குப் பிறகு. அந்தக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட ஆறு நாள் மலையில் நின்று கொழுந்து பறித்தால்தான் இந்த மெத்தையில் உட்காரலாம். விலையைக்கூட விடுங்கள், ‘அவசியம்’ என்று எழுதியிருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இடுப்பு முழங்காலை விடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தால் முதுகு தானாக நிமிரும், அந்த மெத்தையின் வேலை அவ்வளவுதான். ஒரு கம்பளியை நாலாக மடித்து, அதன்மேல் தலையணையை இரண்டாக மடித்து வையுங்கள், அதே உயரம் வந்துவிடும். கேமராவைக் கீழே திருப்புகிறேன், பாருங்கள். இது அம்மா மலைக்குப் போட்டுப்போன கம்பளி. நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒன்றும் குறையாது, பாதம் தரையில் பட்டால் சரி.

ம், பிளேன்டீ எங்கே என்று கேட்பீர்கள், இதோ இருக்கிறது, இஞ்சி போட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வீடியோவில் நம்மிடம் நாமே கனிவாக இருப்பது பற்றிப் பேசினேன் இல்லையா, அதற்கு ஒரு தம்பி எழுதியிருந்தார்: ‘அக்கா, இப்படி இருந்தால் ஆள் சோம்பேறியாகிவிடுவான், நம்மை நாமே திட்டினால்தான் முன்னேற முடியும்.’ தம்பி, உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் இந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எங்கள் வீடுகளில் இது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், கிலோ குறைந்தால் அரைப் பேர், அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். கால் வழுக்கும் மழையா, அட்டை கடித்ததா, பிள்ளைக்குக் காய்ச்சலா, தராசுக்கு அதெல்லாம் தெரியாது. தோட்டத்தை விட்டுப் படித்து வெளியே வந்த பிள்ளைகளுக்குள்ளும் அந்த மடுவம் அப்படியே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஓ.எல்., அதுதான் சாதாரண தரப் பரீட்சை, பெறுபேறு வந்தால், இன்டர்வியூ சரிவராவிட்டால், சாயந்திரம் படுக்கும்போது உள்ளே ஒரு குரல் நிறுத்துப் பார்த்து ‘உனக்கு இன்றைக்கும் அரைப் பேர்தான்’ என்று எழுதிவிடுகிறது.

அந்தக் குரலால் முன்னேறலாம் என்கிறீர்களே, அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம், ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்று இரண்டு உளவியலாளர்கள், 2012ல் வெளிவந்த ஆய்வு. மாணவர்களுக்கு மிகக் கஷ்டமான ஒரு சொல் பரீட்சை வைத்தார்கள். அதன் பிறகு ஒரு பகுதியினரிடம், இதில் தடுமாறுவது எல்லோருக்கும் நடப்பது, உங்களை ரொம்ப வருத்திக்கொள்ள வேண்டாம் என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம், இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் நீங்கள் கெட்டிக்காரர்தான் என்று புகழ்ந்தார்கள். மற்றவர்களிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. அடுத்த பரீட்சைக்குக் கூடுதல் நேரம் உட்கார்ந்து படித்தது யார்? கனிவாகப் பேசப்பட்டவர்கள்தான்! புகழ்ச்சி வாங்கியவர்கள்கூட அவ்வளவு நேரம் படிக்கவில்லை. இதை வாசித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

ஐயோ, முதலில் சொல்லவேண்டியதை விட்டுவிட்டேன். நம்மிடம் நாமே கனிவாக இருப்பதை ஒரு ஆராய்ச்சித் துறையாக்கியவர் கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர், 2003ல். அவர் மூன்று விஷயம் சொல்கிறார். வலி இருக்கிறது என்று கவனிப்பது, அதுதான் மைண்ட்ஃபுல்னஸ். இந்த வலி எனக்கு மட்டும் வருவதில்லை என்று நினைப்பது. அப்புறம், ஒரு சிநேகிதியிடம் பேசுவதுபோல நம்மிடம் பேசுவது. பிறகு அவரும் கிறிஸ்டோபர் ஜெர்மர் என்ற இன்னொரு உளவியலாளரும் சேர்ந்து எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள்.

ஆனால் இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். 5ஆம் நூற்றாண்டில் நம் அனுராதபுரம் மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில், மைத்திரி தியானம், அதாவது எல்லோர் மேலும் அன்பை வளர்க்கும் தியானம், எங்கே தொடங்குகிறது தெரியுமா? ‘நான் நலமாக இருக்க வேண்டும்’ என்று தன்னிடத்தில். அதற்குப் பிறகுதான் மதிப்புக்குரியவர், வேண்டியவர், முன்பின் தெரியாதவர், கடைசியில் ஆகாதவர். கண்டியிலிருந்து கலஹா பஸ்ஸில் போய், இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏறினால் வரும் நில்லம்ப தியான நிலையத்தில் பல வருடங்கள் கற்பித்த கொட்வின் சமரரத்ன, 2000ல் காலமானவர், அவரும் உன்னோடு நீ முதலில் சிநேகமாகு என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், அதில் ஒரு மாற்றமும் இல்லை. இதற்கு மதம் மாறத் தேவையில்லை.

செய்கிற விதம் சொல்கிறேன். அரைப் பேர் குரல் கேட்கும்போது அதோடு வாதாடாதீர்கள், உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தொண்டையில் அடைக்கும், உங்களுக்கு வயிற்றில் இருக்கலாம். கையை நெஞ்சில் வையுங்கள், கையின் சூடு தெரியட்டும். ‘இது கஷ்டமான நேரம். கஷ்டம் எல்லோருக்கும் வரும். நான் என்னிடம் கனிவாக இருப்பேன்.’ இந்த மூன்று வரி போதும். பஸ்ஸில் நின்றுகொண்டும் செய்யலாம், கையை வைக்கக் கூச்சமாக இருந்தால் பையை அணைத்துப் பிடியுங்கள், யாருக்கும் தெரியாது. தப்பு நடந்திருந்தால் அதை மறைக்க இதில் இடமில்லை தம்பி, தப்பைக் கண் திறந்து பார்க்கிற தைரியம் இதில்தான் வருகிறது.

இன்னொன்று, இது முக்கியம். இத்தனை வருடம் யாரும் கனிவாகப் பேசாத மனசிடம் திடீரென்று பேசினால் சிலருக்கு அழுகை பொங்கும், பழையதெல்லாம் மேலே வரும். அப்படி வந்தால் கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனியுங்கள், அதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம். நாள் கணக்காகத் தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் தியானத்தோடு நிற்காமல் 1926க்கு அழையுங்கள், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம், ஸ்க்ரீனில் போடுகிறேன்.

தம்பி, நீங்களும் ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள், ஒத்துவரவில்லை என்றாலும் எழுதுங்கள், அதை வைத்தே அடுத்த வீடியோவில் பேசுவோம்.