சுப்ரீம் கோர்ட் "டினைடு"னு சொன்னா எது டினைடு? ஹெச்-4 ஈஏடி பத்தி கொஞ்சம் பொறுமையா பேசுவோம்

மக்களே வணக்கம். இந்த வாரம் ஜூரி டியூட்டி லெட்டர் வந்தா என்ன பண்ணணும்னு வீடியோ போடுறதா சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வெச்சுட்டேன். செவ்வாய்க்கிழமை காலைலேர்ந்து போன்ல வந்து குவியுற ஃபார்வர்டைப் பார்த்தா வேற எதுவும் பேச மனசு வரலை.

அக்டோபர் 14, 2025. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் ஹெச்-4 ஈஏடியும். ஹெச்-1பி வேலை விசாவுல இருக்குறவங்களோட கணவன் இல்ல மனைவிக்குக் குடுக்குற விசா ஹெச்-4, அவங்க வேலை பாக்க வாங்குற பெர்மிட்தான் ஈஏடி. ஒரு ஃபார்வர்ட் சொல்லுது, "ஹெச்-4 ஒர்க் பெர்மிட் செல்லும், சுப்ரீம் கோர்ட் அதிரடித் தீர்ப்பு, இனி யாரும் கை வைக்க முடியாது"ன்னு. கூடவே பட்டாசு எமோஜி. அதே குரூப்ல கொஞ்சம் கீழ போனா, "ஹெச்-4 ஈஏடி மனு டினைடு, எல்லாருக்கும் வேலை போச்சு"ன்னு இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே ஆள் ஃபார்வர்ட் பண்ணியிருக்காரு! படிச்சாத்தானே?

ரெண்டுமே தப்பு. மிச்சிகன்லேர்ந்து ஒரு தங்கச்சி கமெண்ட்ல கேக்குறாங்க, "அக்கா, மேனேஜர்கிட்ட நானே முன்னாடி போய்ச் சொல்லிடவா?"ன்னு. அதைப் படிச்சதும் எனக்கு வந்த கோபம் இருக்கே. ஒரு பொண்ணு ராத்திரி தூக்கமில்லாம உக்காந்திருக்கா, இவங்க வ்யூஸுக்காக "போச்சு போச்சு"ன்னு தம்ப்நெயில் போடுறாங்க. தங்கச்சி, யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். முழுசா கேளு.

பழைய ஆளுங்களுக்குத் தெரியும், நான் வக்கீல் இல்ல. உங்க சொந்த கேஸுக்கு இமிக்ரேஷன் அட்டர்னியைத்தான் பார்க்கணும். நான் செய்யுறது, கோர்ட் பேப்பரை எடுத்து வெச்சு அதுல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு தமிழ்ல சொல்றது.

பேப்பருக்கு வருவோம். அன்னிக்கு வந்தது தீர்ப்பே இல்ல. அதுக்குப் பேரு ஆர்டர் லிஸ்ட். வழக்கமா திங்கக்கிழமை காலைல 9:30க்கு வரும். இந்த வாரம் திங்கள் கொலம்பஸ் டே லீவு, அதனால செவ்வாய். அந்த பிடிஎஃப்பைத் திறந்து பாருங்க. இடது பக்கம் கேஸ் நம்பர், வலது பக்கம் யார் எதிர் யார். நம்பர், பேரு, நம்பர், பேரு, பக்கம் பக்கமா அதேதான். ஒவ்வொரு தொகுப்புக்கும் கீழ ஒரே ஒரு வரி, இந்த மனுக்கள் ஏத்துக்கப்படலைன்னு. காரணம் கிடையாது, விளக்கம் கிடையாது, எந்த நீதிபதியோட கையெழுத்தும் கிடையாது. அந்த நீளமான பட்டியல்ல "சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ"ங்கிற பேரு ஒரு வரி. இதைத்தான் "அதிரடித் தீர்ப்பு"ங்கிறாங்க.

இப்ப, யாரு கேட்டாங்க? இதைச் சொல்லாமப் போனதாலதான் பாதி பேரு பயந்துட்டாங்க. மனு போட்டது ஹெச்-4ல இருக்குறவங்க இல்ல. ஹெச்-4 ஈஏடியே இருக்கக் கூடாதுன்னு சொல்ற சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ. அவங்க கேட்டதைத்தான் கோர்ட் எடுத்துக்கலை. அப்ப டினைடு ஆனது அவங்க மனு, உங்க பெர்மிட் இல்ல. புரிஞ்சுதா தங்கச்சி?

அதுக்காகப் பட்டாசு வெடிக்கவும் வேணாம். ஊர்ல ஒரு தகராறு, ஏற்கெனவே ஒரு பஞ்சாயத்துல முடிவு சொல்லியாச்சு. தோத்தவர் பெரிய நாட்டாமை வீட்டுக்குப் போறாரு. நாட்டாமை, "எனக்கு நேரமில்லப்பா, போய்ட்டு வா"ங்கிறாரு. பழைய முடிவு அப்படியே நிக்கும். ஆனா அது சரிதான்னு நாட்டாமை சொன்னதா ஆகுமா? ஆகாது இல்ல. இதை 1923லயே நீதிபதி ஹோம்ஸ் ஒரு தீர்ப்புல சொல்லிட்டாரு. மனுவை எடுத்துக்கலைன்னா வழக்கோட நியாயத்தைப் பத்தி நாங்க எந்தக் கருத்தும் சொல்லலைன்னு அர்த்தம், இதை வக்கீல்களுக்குப் பல தடவை சொல்லியாச்சுன்னு எழுதியிருக்காரு. நூறு வருஷம் ஆச்சு. இன்னமும் "சுப்ரீம் கோர்ட் உறுதி செஞ்சது"ன்னுதான் தலைப்பு வருது.

ஒன்பது பேர்ல நாலு பேர் "எடுத்துக்கலாம்"னா போதும், வழக்கு உள்ள வந்துரும். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கா மனு வருது, அவங்க எடுத்து வாதம் கேட்குறது அறுபது, எழுபது. மிச்சதெல்லாம் இப்படி ஒரு வரிதான்.

சரி, பழைய முடிவு எது? இங்கதான் எனக்குப் பேச ஆசை. இந்த வழக்குக்குப் பத்து வயசு. ஒபாமா காலத்துல, 2015ல இந்த ஹெச்-4 ஈஏடி ரூல் வந்துச்சு. ஹெச்-1பில இருக்குற கணவனுக்கோ மனைவிக்கோ ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகப் போடுற மனு, அப்ரூவ் ஆகியிருந்தா, இல்ல ஆறு வருஷத்துக்கு மேல ஹெச்-1பி நீட்டிப்பு கிடைச்சிருந்தா, ஹெச்-4ல இருக்குற துணை வேலை பாக்கலாம். அது அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே கேஸ் போட்டாங்க. போட்டது யாரு? சதர்ன் கலிஃபோர்னியா எடிசன்ல ஐடி வேலையை இழந்தவங்க. அவங்க இடத்துக்கு ஹெச்-1பி ஆளுங்க வந்தாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் கிடையாது மக்களே. வேலை போன வலி யாருக்கா இருந்தாலும் வலிதான். அவங்களைத் திட்டி கமெண்ட் போட்டா நான் டெலீட் பண்ணிருவேன், முன்னாடியே சொல்லிடறேன்.

2016ல வாஷிங்டன் டிஸ்ட்ரிக்ட் கோர்ட், "உங்களுக்கு இந்த வழக்கு போடவே தகுதியில்ல"ன்னு தள்ளிடுச்சு. 2019ல அப்பீல் கோர்ட், அதாவது டிசி சர்க்யூட், "இல்ல, தகுதி இருக்கு, திரும்ப விசாரி"ன்னு கீழ அனுப்புச்சு. 2023 மார்ச்ல நீதிபதி தான்யா சட்கன், ரூல் செல்லும்னு சொன்னாங்க. 2024 ஆகஸ்ட் 2, டிசி சர்க்யூட்ல மூணு நீதிபதிகள் அதையே உறுதி செஞ்சாங்க. உங்களுக்கு இன்னிக்குப் பாதுகாப்பா நிக்குறது இந்தத் தீர்ப்புதான். பட்டாசு வெடிக்கணும்னா அன்னிக்கே வெடிச்சிருக்கணும்.

அந்தத் தீர்ப்பை எழுதினவர் ஜஸ்டின் வாக்கர். நீளமே இல்ல, நீங்களே படிக்கலாம். ஏன் சின்னதுன்னா, புதுசா எதுவும் முடிவு பண்ண வேண்டிய தேவையே வரலை. 2022லயே அதே கோர்ட்ல வாஷ்டெக்னு ஒரு வழக்கு, ஓபிடி பத்தி, அதாவது ஸ்டூடன்ட் விசாவுல வந்தவங்க படிப்பு சம்பந்தமா வேலை பாக்குற அனுமதி பத்தி. விசாவுல வர்றவங்க எவ்வளவு நாள், என்ன நிபந்தனையில இருக்கலாம்னு விதி போடுற அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், அரசாங்கத்துக்குக் குடுத்திருக்கு, வேலை பாக்க விடுறதும் அதுக்குள்ள வரும்னு அதுல சொல்லிட்டாங்க. ஒரு சர்க்யூட்ல மூணு பேர் பெஞ்ச் சொன்னதை அடுத்த மூணு பேர் பெஞ்ச் மீற முடியாது. வாக்கர் எழுதினதோட சாரம் இவ்வளவுதான்: அந்த வழக்குக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு நீங்க காட்டலை, அதனால நாங்க அதுக்குக் கட்டுப்பட்டவங்க.

ஐயோ, இடையில ஒண்ணு விட்டுப்போச்சு, அது முக்கியம். அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாசம் முன்னாடி, 2024 ஜூன் 28, சுப்ரீம் கோர்ட் லோப்பர் ப்ரைட் வழக்குல செவ்ரானைத் தூக்கிருச்சு. சட்டம் தெளிவா இல்லாத இடத்துல அரசுத் துறை சொல்ற அர்த்தத்தையே கோர்ட் ஏத்துக்கணும்னு 1984லேர்ந்து இருந்த வழக்கம் அது. அதனாலதான் சேவ் ஜாப்ஸ்காரங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு. டிசி சர்க்யூட்ல அந்த வாதம் எடுபடலை, சுப்ரீம் கோர்ட்டும் இந்த வழக்கைத் தொடலை. செவ்ரானுக்கு நான் தனியா ஒரு வீடியோ போட்டிருக்கேன், மீன்பிடிப் படகு வெச்சு சொன்னேனே, அதுதான்.

இப்ப "ஏன் நிரந்தரம் இல்ல"ங்கிற கேள்வி. டிசி சர்க்யூட் சொன்னது டிசி சர்க்யூட்டைத்தான் கட்டுப்படுத்தும். நாளைக்கே டெக்ஸாஸ்ல ஒருத்தர் கேஸ் போட்டா அது அந்தப் பகுதியோட அப்பீல் கோர்ட்டான அஞ்சாவது சர்க்யூட்டுக்குப் போகும், அங்க வேற மாதிரி சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு. அதைவிட நேரான வழி ஒண்ணு இருக்கு. அரசாங்கம் போட்ட ரூல் இது, அரசாங்கமே எடுக்கலாம். ட்ரம்ப்போட முதல் ஆட்சியில எடுக்கறதுக்கு வரைவு தயார் பண்ணி 2019ல வெள்ளை மாளிகை பரிசீலனைக்கே அனுப்பினாங்க. அது வெளியாகவே இல்ல, 2021 ஜனவரில வாபஸ் ஆயிடுச்சு. கோர்ட்ல ஜெயிச்ச ரூலையும் எடுக்கலாம். "செல்லும்"னு சொன்னா "இருந்தே ஆகணும்"னு அர்த்தம் இல்லையே.

சரி, எல்லாரும் கேக்குறது, "அக்கா, இந்த பேப்பரெல்லாம் எங்க கிடைக்குது, காசா?" இதுக்குப் பதில் சொல்லாம நான் இந்த வீடியோவை முடிக்க மாட்டேன், ஏன்னா இதுல எனக்கு ரொம்ப நாள் எரிச்சல். சுப்ரீம் கோர்ட் பேப்பர் அவங்க சைட்லயே இலவசம். கீழ் கோர்ட் பேப்பர்னா அதை ஆன்லைன்ல எடுக்க பேசர் (PACER)னு ஒரு சிஸ்டம். ஒரு பக்கத்துக்கு 10 செண்ட். ஒரு டாக்குமெண்ட்டுக்கு அதிகபட்சம் 3 டாலர். 10 செண்ட் தானேன்னு நினைக்காதீங்க. பேரைப் போட்டுத் தேடுறீங்க பாருங்க, அந்தத் தேடல் ரிசல்ட்டுக்கும் பக்கத்துக்கு 10 செண்ட். அதுக்கு அந்த 3 டாலர் வரம்பு கிடையாது! தேடி ஒண்ணுமே கிடைக்கலைன்னாலும் 10 செண்ட்! இல்லைன்னு சொல்றதுக்கு என்னத்துக்குக் காசு? அது மக்களோட கோர்ட், மக்கள் வரிப்பணத்துல எழுதின பேப்பர். பிடிஎஃப்பை அனுப்ப 10 செண்ட் ஆகுதா?

இதைக் கேட்டு நிஜமாவே கேஸ் போட்டாங்க மக்களே. 2016ல மூணு தொண்டு அமைப்புகள் சேர்ந்து அரசாங்கத்து மேலயே போட்டாங்க. பேசர் வருமானத்துல சிலதை கோர்ட் ஹால் ஆடியோ கருவி மாதிரி வேற செலவுக்கு எடுத்திருந்தாங்க. கோர்ட் நடத்துற வசூல் தப்புன்னு கோர்ட்லயே வாதாடி, 2018லயும் 2020லயும் அவங்களுக்குச் சாதகமா வந்து, கடைசில 12.5 கோடி டாலருக்கு செட்டில் ஆச்சு. 2024 மார்ச்ல நீதிபதி ஒப்புதல் குடுத்தாரு. எனக்குப் பிடிச்ச வழக்குன்னு ஒண்ணு கேட்டா இதைத்தான் சொல்லுவேன். சத்தமே இல்லாம நடந்துச்சு, ஒரு தம்ப்நெயில் கூட வரலை.

கட்டணம் இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா மூணு மாசத்துக்கு 30 டாலர் தாண்டலைன்னா பில்லே வராது. நீதிபதி எழுதின ஒபீனியன் எப்பவுமே இலவசம். கோர்ட்லிஸனர்னு ஒரு சைட் இருக்கு, மத்தவங்க காசு குடுத்து எடுத்த பேப்பரை அங்க எல்லாருக்கும் சும்மாவே தர்றாங்க. முதல்ல அங்க தேடுங்க, அப்புறம் பேசர். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த வீடியோவை சேவ் பண்ணி வைங்க.

படிக்கும்போது நான் எப்பவும் பண்றதுதான், கடைசிப் பக்கத்துக்குப் போங்க. அஃபர்ம்ட்னு இருந்தா கீழ் கோர்ட் சொன்னது நிக்குது. ரிவர்ஸ்ட்னா கவுந்துச்சு. வேக்கேட்டட், ரிமாண்டட்னு சேர்ந்து இருந்தா பழைய உத்தரவை ரத்து பண்ணி திரும்ப விசாரிக்க அனுப்பியாச்சு, இன்னும் யாரும் ஜெயிக்கலை. சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல முன்னாடி இருக்குற சுருக்கம் இருக்கே, சிலபஸ், அது படிக்க சுலபம், ஆனா தீர்ப்போட பகுதி இல்ல. அதை அந்தப் பக்கத்துலயே போட்டிருப்பாங்க. அந்தச் சுருக்கத்தை மட்டும் படிச்சுட்டு வீடியோ போடுறவங்களை எனக்குச் சுத்தமா பிடிக்காது.

2025 ஜூன் 27, ட்ரம்ப் எதிர் காசா (CASA)ங்கிற வழக்குல இதே கூத்துதான நடந்துச்சு. "பிறப்புரிமைக் குடியுரிமை போச்சு"ன்னு ஊரெல்லாம் அழுகை. ஹெச்-1பி வீட்டுல பொறக்கப் போற குழந்தைங்களையும் தொடுற ட்ரம்ப்போட உத்தரவு அது, பயம் நியாயம்தான். ஆனா அன்னிக்கு 6-3ல சொன்னது, ஒரு டிஸ்ட்ரிக்ட் நீதிபதி வழக்குல இல்லாதவங்களுக்கும் சேர்த்து நாடு முழுக்கத் தடை போடலாமாங்கிறதைப் பத்தி மட்டும்தான். குடியுரிமையைப் பத்தி அவங்க முடிவே சொல்லலை. ரெண்டே வாரத்துல, ஜூலை 10, நியூ ஹாம்ப்ஷயர்ல நீதிபதி லாப்லாண்ட் குழந்தைங்களையே ஒரு வகுப்பா சேர்த்து, க்ளாஸ் ஆக்‌ஷன் வழியா மறுபடி தடை போட்டாரு. அந்த ரெண்டு வாரம் எத்தனை வீட்டுல டிக்கெட் போட்டு ஊருக்குப் போகலாமான்னு பேச்சு நடந்திருக்கும்?

கடைசியா மிச்சிகன் தங்கச்சிக்கு. உன் ஈஏடி கார்டுல இருக்குற தேதி வரைக்கும் நேத்து இருந்த மாதிரியேதான் இன்னிக்கும். கார்டு முடியுறதுக்கு 180 நாள் முன்னாடிலேர்ந்தே ரின்யூவல் போடலாம், கடைசி நாள் வரைக்கும் இழுக்காதே. நீ கண் வைக்க வேண்டியது கோர்ட்டு மேல இல்ல, ஃபெடரல் ரெஜிஸ்டர்ங்கிற அமெரிக்க அரசிதழ் மேல. இந்த ரூலை எடுக்குறதா இருந்தா வழக்கமா முன்மொழிவை அங்க போட்டு, பொதுமக்கள் கருத்து கேட்டு, அப்புறம்தான் எடுக்கணும். அப்படி ஒண்ணு வந்துச்சுன்னா அன்னிக்கு ராத்திரியே லைவ் வர்றேன். கமெண்ட் எப்படி எழுதுறது, எங்க போடுறதுன்னு எல்லாரும் சேர்ந்து உக்காந்து எழுதுவோம்.