காபி டப்பாவில் ஒளிந்த படம்

நேயர்களுக்கு வணக்கம். "சிரிப்பு நடிகர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்" என்று புதுச்சேரி வானொலி நண்பர்கள் கூப்பிட்டார்கள். கடலூரில் குடும்ப வழக்கு பார்க்கிறவளிடம் வந்து சிரிப்பைக் கேட்டால் எப்படி? சரி, சார்லி சாப்ளினைப் பற்றிப் பேசுகிறேன், ஆனால் கோர்ட்டு வாசலில் நின்றுதான் பேசுவேன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

அவர் இளமைக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1889-இல் பிறப்பு, லண்டன் வறுமை, ஏழு வயதில் ஏழைகள் விடுதி, சித்தம் கலங்கிய தாய். 1914-இல் அமெரிக்கப் படங்களில் தலைகாட்டினார். ஓரிரு வருடத்தில் அந்தத் தொப்பியும் பிரம்பும் உலகத்துக்கே பழகிப் போயின.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தைய கதை. 1918-இல் மில்ட்ரெட் ஹாரிஸ் என்ற நடிகையைக் கட்டினார். அவருக்கு வயது 29, அந்தப் பெண்ணுக்கு 16. மறுவருடம் பிறந்த ஆண் குழந்தை மூன்றே நாளில் இறந்தது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள், தெருவில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்க்கும் ஏழையின் கதையைப் படம்பிடிக்கத் தொடங்கினார். அதுதான் 'தி கிட்'.

படம் முடியும் நேரத்தில் விவாகரத்து வழக்கு. சொத்து என்று பார்த்தால், அந்தப் படச்சுருளும் சொத்துதானே? மனைவி தரப்பு ஜப்தி செய்துவிடும் என்று பயந்து, சுருள்களைக் காபி டப்பாக்களில் அடைத்துக்கொண்டு சாப்ளின் கிளம்பிவிட்டார். கலிஃபோர்னியா கோர்ட்டின் கை எட்டாத யூட்டா மாகாணத்தில், சால்ட் லேக் சிட்டி ஓட்டல் அறையில் உட்கார்ந்து படத்தைத் தொகுத்தார். அன்றைய நைட்ரேட் பிலிம் ஒரு தீப்பொறி விழுந்தால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். ஓட்டல்காரருக்குத் தெரிந்திருந்தால் விரட்டியிருப்பார். (கடலூர்-புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கும் கணவன்மார் நம் பக்கத்திலும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் உயர் நீதிமன்றம் ஒன்றுதான் என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.)

சினிமா ரசிகர்கள் இந்தக் காபி டப்பா கதையை ஒரு சாகசமாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ரசித்தேன், வக்கீலாகும் வரை. இப்போது கேட்டால் மில்ட்ரெட்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். பதினாறில் கல்யாணம், பதினேழில் பிள்ளையைப் பறிகொடுத்தவள், பத்தொன்பது முடிவதற்குள் விவாகரத்து.

அதே படத்தில் ஒரு சொர்க்கக் கனவு வரும். அதில் தேவதையாக நடித்த 12 வயதுச் சிறுமி லிட்டா கிரே. நான்கு வருடம் கழித்து, 1924-இல், அவளையே சாப்ளின் மெக்சிகோவுக்குக் கூட்டிப்போய் மணந்தார். அவளுக்கும் 16 வயதுதான், கர்ப்பம் வேறு. இரண்டு ஆண் பிள்ளைகள். 1927 தொடக்கத்தில் லிட்டா போட்ட விவாகரத்து மனு நாற்பது பக்கத்துக்கு மேல். அதை அச்சடித்துத் தெருவில் கூவி விற்றார்கள். 'தி சர்க்கஸ்' படப்பிடிப்பு எட்டு மாதம் நின்றது. கடைசியில் 6 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்தார். பிள்ளைகளுக்குத் தனியாக அறக்கட்டளைப் பணம். அமெரிக்கா அதுவரை பார்த்திராத தொகை அது.

1943-இல் ஊனா ஓ'நீலைக் கட்டினார். அந்த வாழ்க்கை அவர் சாகும்வரை நிலைத்தது. எட்டுப் பிள்ளைகள். 1964-இல் சுயசரிதை எழுதினார். தடிமனான புத்தகம். அதில் தன் இரண்டு மகன்களைப் பெற்ற லிட்டாவின் பெயரைக்கூட எழுதவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது ஜப்திக்கு ஓடியதற்காக இல்லை, இதற்காகத்தான். ஆனாலும் 'தி சர்க்கஸ்' போட்டால் இன்றும் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். என்ன செய்ய!

சில வருடம் முன்பு ஒரு ஜீவனாம்ச வழக்கு. கட்சிக்காரப் பெண் கடலூர் துறைமுகப் பக்கம். சம்மன் வருவதற்கு முன்பே புருஷன் படகைத் தன் அண்ணன் பெயருக்கு மாற்றிவிட்டான். வழக்கு கூப்பிடும்வரை வராந்தாவில் காத்திருந்தபோது, பொழுது போகட்டும் என்று இந்தக் காபி டப்பா கதையைச் சொன்னேன். சிரிக்காமல் முழுதும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குக் காசு கெடச்சுதா, வக்கீலம்மா?"

"கிடைத்தது. ஒரு லட்சம் டாலர்."

"அப்ப படகு எங்க நிக்குதுன்னு நாளைக்கே பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.