எதிருரு மீடிறனை மாற்றுவது இயற்கைத் தேர்வே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பறவைக் குடித்தொகையில் எதிருரு மீடிறனைப் பெரிதும் மாற்றுவது குடிப்பெயர்வா, இயற்கைத் தேர்வா? எதிருரு என்பது ஒரே பரம்பரையலகின், அதாவது ஜீனின், வேறுபட்ட வடிவம். மீடிறன் என்பது குடித்தொகையில் அந்த வடிவத்தின் பங்கு. இயற்கைத் தேர்வே என்று வாதாட வந்திருக்கிறோம்.

மாரியில் மண்டைதீவுக் கடனீரேரியில் இறங்கும் ஊசிவால் வாத்துகளைக் காட்டி, "இத்தனை பறவைகள் வருகின்றனவே!" என்றார் எதிரணி நண்பர். வருகின்றன, மேய்கின்றன, வெயில் ஏற வடக்கே திரும்பிவிடுகின்றன. இங்கே முட்டையிடுவதில்லை. இனம்பெருக்காத பறவை எத்தனை வந்தென்ன, உள்ளூர்க் குடித்தொகையின் மீடிறன் அசையாது. வலசை வேறு, வந்தவை இனம்பெருக்கி எதிருருவைக் கலக்கும் பரம்பரையலகுப் பாய்ச்சல் வேறு ஐயா!

பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளில் ஒன்றான டாப்னி மேஜரைப் பாருங்கள். 1973 தொடக்கம் உயிரியலாளர்களான பீற்றர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் அங்கே குருவிகளுக்குக் கால்வளையம் மாட்டிச் சொண்டை அளந்தார்கள். 1977இல் மழைக்காலம் முழுவதிலும் விழுந்தது 24 மில்லிமீற்றர். சிறு விதைகள் தீர்ந்தன. மிஞ்சியது நம் நெருஞ்சிக்கு ஒன்றுவிட்ட சகோதரமான ஒரு செடியின் முட்காய். அந்த ஓட்டைப் பிளக்க ஆழமான சொண்டு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவி என்ற இனத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 செத்தன. தப்பியவற்றின் சொண்டாழம் சராசரியில் அரை மில்லிமீற்றர் கூடியிருந்தது. 1978இல் பொரித்த குஞ்சுகளும் தாய்தந்தையைப் போலவே ஆழச் சொண்டோடு வளர்ந்தன. இதில் வந்தேறிகளுக்கு என்ன பங்கு?

2004-05 வரட்சியில் எல்லாம் தலைகீழானது. 1982 முடிவில் வந்து கூடுகட்டத் தொடங்கிய பெரிய தரைக்குருவி என்ற வேறோர் இனம் பெருகி, முட்காய்களைத் தின்று தீர்த்தது. இம்முறை பெரிய சொண்டுள்ள நடுத்தரக் குருவிகள்தான் கூடுதலாகப் பட்டினியில் செத்தன. எச்எம்ஜிஏ2 என்ற பரம்பரையலகில் சிறு சொண்டுக்குரிய எதிருருவின் மீடிறன் ஏறியது. "பார்த்தீர்களா, குடிப்பெயர்வுதான் காரணம்" என்று எதிரணி எழும்பும். வந்தவை வேறு இனம். நடுத்தரக் குருவிக்கு அவை எதிருருவைக் கொடுத்து மீடிறனை மாற்றவில்லை, தீனியைத்தான் பறித்தன. மிச்சத்தைச் செய்தது தேர்வு.

ஒரு மாதிரிக் கணக்கு. 100 பறவைகள், இரண்டு எதிருரு, மீடிறன் தலா 0.5. பெருஞ்சொண்டு எதிருரு இரண்டும் உள்ளவை 25, கலந்தவை 50, சிறுசொண்டு எதிருரு இரண்டும் உள்ளவை 25. வரட்சி முறையே 5, 20, 15ஐ விட்டுவைக்கிறது. மிஞ்சிய 40 பறவைகளில் எதிருருக்கள் 80. அவற்றில் சிறுசொண்டுக்குரியவை 20உம் 30உமாக 50. மீடிறன் 0.625. ஒரே பருவத்தில்! இதே மாற்றத்தைக் குடிப்பெயர்வு செய்ய, 75 உள்ளூர்ப் பறவைகளோடு, சிறுசொண்டு எதிருருவை மட்டுமே காவும் 25 பறவைகள் வந்து கலக்க வேண்டும். அதோடு, இரு பக்க மீடிறனும் சமமானால் எத்தனை பறவை வந்தாலும் மாற்றம் பூச்சியம்.

சிறு தீவுக்குப் புது எதிருரு வந்துசேர்வது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. வந்த எதிருரு அடுத்த வரட்சியில் பெருகுமா, அற்றுப்போகுமா என்பதை எது தீர்க்கிறது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லட்டும்.